சேர்க்கை மேசை, வியாழக்கிழமை

தேர்வு முடிவு வந்த காலை.
உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம்.
இடப்பக்கம் டிப்ளமோ: ஆறு பாடம், ஒரு நீள்கட்டுரை,
போதாததற்குச் சமூகத் தொண்டு.
வலப்பக்கம் ஏ லெவல்: மூன்றே மூன்று.
என் நாற்காலி வலப்பக்கம்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே.
சட்டையில் கெரென்சா என்று பெயர் அட்டை.

ஆறு பாடமா, நுனிப்புல் மேய்ச்சல் என்பார்கள் எங்கள் பக்கத்து ஆசிரியர்கள்.
மூன்றா, கிணற்றுத் தவளை என்பார்கள் அந்தப் பக்கத்தார்.
கிணறும் ஆழம்தானே என்று
யாரும் கேட்டதில்லை.

ஜன்னல் வழியே ஃபால்மத் துறைமுகத்தின் பெயின்ட் வாசனை.
உறையைக் கிழித்த கையோடு வருகிறார்கள் பிள்ளைகள்.
ஜோவன் ட்ரெகியர் உட்காரவே இல்லை.
கணிதம், மேல்கணிதம், இயற்பியல் என்றான்,
டீக்கடையில் சொல்வது போல.
பொறாமை என்று சொல்ல மாட்டேன்.
கொஞ்சம் பொறாமைதான்.

பிறகு மெரின்.
முதல் கட்டத்தில் வேதியியல்.
இரண்டாவதில் உயிரியல்.
மூன்றாவதில் ஜெர்மன், அதை அடித்து இசை,
அதையும் அடித்து மறுபடி ஜெர்மன்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
வரலாறு என்று சின்னதாக,
பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நிற்பவர் போல.

"ஜெர்மனும் வேதியியலும் ஒரே நேரம்" என்றேன்.
கால அட்டவணையில் மூன்றாம் பத்தி.
போட்டது நான்தான்.
பிப்ரவரியில், இருமலோடு,
ஜெர்மனுக்குப் பதினோரு பேராவது தேறுவார்களா என்ற கவலையில்
காலியாகத் தெரிந்த இடத்தில் சொருகினேன்.
ஒருத்தியின் வழியில் அது
கல்லாக உட்காரும் என்று
அன்றைக்குத் தோன்றவில்லை.

கூட வந்த அப்பா படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவர்.
நகக்கண்ணில் கிரீஸ்.
"அகலக்கால் வைக்காதே மெர்" என்றார்.
"ஆனா மூணோட நின்னுட்டு
நாலாவது பிடிச்சுப்போச்சுன்னா என்ன பண்ணுவே?"
அதையும் அவரே கேட்டார்.
இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டு
கார் நிறுத்தத்துக்குக் காசு போடப் போனார்.

அவள் இடப்பக்க மேசையைப் பார்த்தாள்.
அங்கே எதையும் விட வேண்டாம்.
கணக்கையும் விட முடியாது.
அவளுடைய கணக்கு மதிப்பெண் என் முன்னால் கிடந்தது.
இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

"நீங்க என்ன எடுத்தீங்க?"
மூன்று, என்றேன்.
புவியியல், ஆங்கிலம், பொருளாதாரம்.
மூன்றிலும் இன்று ஒரு வரி நினைவில்லை என்பதைச் சொல்லவில்லை.
ஒரே வருடம் படித்து விட்டுவிட்ட ரஷ்ய மொழியைப் பற்றியும் சொல்லவில்லை.
பழுதுக்கு வரும் கப்பலின் பின்புறத்தில்
பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன் இன்றும்.
அர்த்தம்தான் தெரியாது.

கயிறுகள் தொங்கும் சுவரோரம்
தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.
மதியம் வரிசை குறைந்தபோது
அட்டவணையைத் திறந்து
ஜெர்மனை ஐந்தாம் பத்திக்கு நகர்த்திப் பார்த்தேன்.
ஜோவனின் இயற்பியல் வகுப்பு ஆசிரியரில்லாமல் போனது.
திரும்ப வைத்தேன்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம்.
வரலாறு கட்டத்துக்குள் வந்திருந்தது.
ஜெர்மன் ஓரத்தில் நின்றது.
படிவத்தை என் மேசையில்தான் வைத்தாள்,
ஆனால் விரலை எடுக்காமல்.

"இதை மாத்தலாமா அப்புறம்?"
செப்டம்பர் பன்னிரண்டு வரை.
"அதுக்கப்புறம்?"
ஸ்டேப்லரில் பின் தீர்ந்திருந்தது.
நிரப்பத் தொடங்கினேன்.

நிமிர்ந்தபோது படிவம் இருந்தது,
அவளைக் காணோம்.
என் பேனாவையும்.
அடுத்து யார், என்றேன்.
யாருமில்லை.
வளையத்திலிருந்து வலையின் நூல் ஒன்று
பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.