ஒன்பதாம் எண்

பதினான்கு கழுத்துப்பட்டைகள்.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி.
படகோனியாவில், சுபுத் மேட்டுச் சமவெளியில்
காற்று உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.
நானும் உட்காரவில்லை அந்த மார்ச் முழுக்க.

காலையில் இரும்புச் சட்டத்தைத் தரையில் போடுவேன்,
அரை மீட்டருக்கு அரை மீட்டர்.
உள்ளே இருப்பதை எழுதுவேன்:
கொய்ரோன் புல் மூன்று தூறு, ஒன்று கடிபட்டது.
முட்புதர் ஒன்று, வாய் படாதது.
மீதி சரளை. மீதி மண்.
இருபது அடி நடந்து மறுபடியும் போடுவேன்.

பால்தொமேரோ அந்திலெயோ
குதிரைமேல் இருந்தபடி கேட்பார்:
"ஜன்னலைத் தூக்கிக்கொண்டு அலைகிறாயே,
வீடு எங்கே?"

ஆட்டுக்கு வாலை அளந்து வைத்தவன்
வாயை அளக்காமல் விட்டுவிட்டான்.
அது என் தலையில்.

இரவில் புள்ளிகள் திரையில் இறங்கும்.
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரே மொய்ப்பு;
இரண்டு கிலோமீட்டர் தாண்டினால்
ஒன்று, அங்கே ஒன்று,
அப்புறம் வெறுமை.
தென்மேற்கு மூலையில் வேலியோடு ஒட்டி
கன்னங்கரேலென்று ஒரு கறை.
காற்றுக்கு முகம் கொடுத்தே மேய்கிற கூட்டம்.
காற்று தீரவில்லை, வேலி தீர்ந்துவிட்டது.
அங்கே புல்லின் வேர் தெரிகிறது,
ஈறு இறங்கிய பல் போல.

எல்லாவற்றையும் கூட்டி வகுத்தேன்.
மந்தையின் நடுவிடம் என்று கணினி காட்டியது
ஓர் உப்புப் படுகையை.
போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேர்.
ஒரு குளம்புத் தடம்கூட இல்லை.
சராசரி மட்டும் அங்கே
தனியாக மேய்ந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் எண் எதிலும் சேரவில்லை.
மற்றவை தொட்டிக்குத் திரும்பும் நடுப்பகலில்
அது வடக்கே, ஒற்றை நூலாக,
எதுவும் ஏறாத சரிவில்.
மூன்று நாள் பார்த்தேன்.
கருவிப் பழுது என்று எழுதி
வரிசையை அடித்தேன்.

நான்காம் நாள், மாத்தே ஊற்றிக்கொண்டே
பால்தொமேரோ சொன்னார்:
மேலே பாறைக்கடியில் நீர் கசிகிறது,
ஒரு குளம்பு நனைகிற அளவு.
"எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.
எழுதினால் முதலாளி குழாய் போடுவான்.
குழாய் போட்டால்
உன் படத்தில் இன்னொரு கறை."
கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.
வேறொன்றும் பேசவில்லை.

ஏப்ரலில் பட்டைகளைக் கழற்றினோம்.
பதின்மூன்று தாடைகளில் புழுதி.
ஒன்பதாமவளைக் கால்களுக்கிடையில் இடுக்கிப் பிடித்தபோது
மோவாயில் பச்சையாக
ஓர் இழை பாசி.

முதலாளியின் வண்டி
வாயிலில் நுழைந்துகொண்டிருந்தது.

கையுறையால் துடைத்தேன்.