கொக்கித் தராசு

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.
கட்டத்துக்கு ஒன்றாகப் பரப்பியிருக்கிறேன்:
தார்ப்பாய். நைலான் கயிறு இருபது முழம்.
மாத்திரை டப்பாவில், மெழுகில் முக்கிய தீக்குச்சிகள்.
வாசலினில் பிசைந்த பஞ்சு உருண்டை ஆறு,
ஈரத்திலும் பற்றும்,
நேற்றே கொல்லையில் எரித்துப் பார்த்தாயிற்று.
கத்தி.
அட்டைக்குப் புகையிலைத் தூள்.

சேவுகனின் பழைய இரும்புக் கடைத் தராசை
நிலைக்கதவு வளையத்தில் மாட்டினோம்.
பையைத் தொங்கவிட்டால் முள் பதினொன்றில் நிற்கிறது.
ஒன்பதைத் தாண்டினால்
மேகமலை ஏற்றத்தில் முட்டி பேசும்.

அவர் சீப்புச் சீடை வைக்கிறார். எடுக்கிறேன்.
மணகோலம் வைக்கிறார். எடுக்கிறேன்.
"பசிச்சா என்ன பண்ணுவ?"
பசியில் சாக மூன்று வாரம் ஆகும்
தாகத்தில் மூன்று நாள்
நனைந்துவிட்டால், குளிரில், ஒரே ராத்திரி.

சித்திரைப் புழுக்கத்தில் பனியனைப் பிழிந்துகொண்டிருக்கும்
பள்ளத்தூர்க்காரரிடம்
குளிரில் சாவதைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார் என்றிருந்தேன்.
சிரிக்கவில்லை.
போன ஐப்பசியில்
இரண்டு ராத்திரி நான் அங்கே தொலைந்திருந்தேன்.

தாவரக் கணக்கெடுப்பு, ஏழு பேர்.
ஒரு காட்டுக் காசித்தும்பையைப் படமெடுக்கக் குனிந்தேன்
நிமிர்ந்தபோது ஆறு பேரும் இல்லை.
கத்தினேன். தொண்டை அரை மணி நேரம்தான் உழைத்தது.
பிறகு நடந்தேன்,
நடந்தேன்,
தேடி வந்தவர்களிடமிருந்து இன்னும் தள்ளி நடந்தேன்.

அதனால் இந்த முறை விசில்.
பழைய இரும்போடு வந்த நடத்துநர் விசிலை
புளி போட்டுத் தேய்த்துத் தந்தார் சேவுகன்.
உள்ளே உருளும் தக்கை மழையில் ஊறிவிடும், வேண்டாம் என்றேன்.
முகம் வாடியது.
இரண்டையும் கோத்துக்கொண்டேன்,
ஊதப்போவது பிளாஸ்டிக் விசிலை.

பை மூடியின் உட்புறம்
மார்க்கரில் ஒரே சொல் எழுதினேன்:
உட்காரு.

வீட்டில் இருப்பவருக்கும் ஒரு மூட்டை உண்டு.
பீரோவில் ஒட்டிய தாள்:
போகும் பாதை, வனத்துறை எண்,
வியாழன் மாலை ஆறு வரை போன் வராவிட்டால் கூப்பிடவும்.
"புதன்னு போடு."
வியாழன்.
"புதன் ராத்திரின்னாச்சும் போடேன்."
பேரம் பேசியே பிழைக்கும் மனிதர்.
வியாழன் மதியம் என்று திருத்தினேன்.

ஒவ்வொன்றாகக் கழித்து,
பல்துலக்கியின் காம்பைக்கூட அறுத்து,
முள் ஒருவழியாக ஒன்பதில் நின்றது.

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
துண்டால் கழுத்தைத் துடைத்தார்.
"கிலோவுக்கு அம்பது கிராம் கம்மியாக் காட்டும் இது"
என்றார் தரையைப் பார்த்து.
"கடைக்கின்னு வச்சது."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்.
பள்ளத்தூரில் யாருக்கும் சொல்லாததை
ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பைக்காகச் சொல்கிறார்.

நான் மனக்கணக்குப் போட்டு முடிக்குமுன்
பக்கப் பைக்குள் அவரே கைவிட்டு
நான் பார்க்காதபோது ஒளித்த மணகோலத்தை
வெளியே எடுத்து வைத்தார்.

நாலரைக்கு மதுரை வண்டி.
கதவு வளையத்தில் வெறுங்கொக்கி ஆடிக்கொண்டிருக்க
தரையில் உட்கார்ந்து
அந்த அரைக் கிலோவைத் தின்னத் தொடங்கினோம்.