அனுப்புநர்

தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
என் டைப்பிங் கடை.
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
வெளியுறவுத் துறைக்கு என்றால் இருபது,
மரியாதைச் சொற்கள் கூடுதலாய் வரும்.

ஐப்பசியில் பிடிபட்டது 'சந்தியாகப்பர் துணை',
பதினொரு பேரோடு.
சங்கச் செயலாளர் சவேரியடிமை வந்து
ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
அனுப்புநர் என்று அடித்துவிட்டுக் காத்திருந்தேன்.
மாண்புமிகு, மேதகு எல்லாம் பெறுநருக்குத்தான்.
இவருக்கு இருப்பது ஒரு பதிவு எண்.
அதையும் புதுப்பித்து மூன்று வருஷம்.

"எல்லை தாண்டவில்லைன்னு போடு."
போட்டேன்.
"காத்து தள்ளிருச்சுன்னு போடு."
அன்றைக்குக் காற்றே இல்லை.
போட்டேன்.

கடிதம் டெல்லிக்குப் போன இரவு
பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து
இன்னொரு கடிதத்தைப் போனில் பேசினார்:
"குருசு, சவேரி பேசுறேன்.
எத்தன வலை?"

பேசாலை எங்களுக்கு மதுரையைவிடப் பக்கம்.
பதில் வர ஒரு டீ ஆறும் நேரம்.
"இருபத்திமூண்டு.
உங்கட றோலர் வழிச்சுத் துடைச்சுக்கொண்டு போயிட்டுது.
என்ர மருமோன்ட வலை மட்டும் ஒன்பது.
உங்கட ஆக்களை நாங்கள் பிடிக்கேல்ல.
நேவி பிடிக்கேக்க கை தட்டினனாங்கள், அது உண்மை."

சவேரியடிமை அதை இரண்டு தரம் கேட்டார்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
"ரேட்டச் சொல்லு" என்றார்.

பணம் எப்படிக் கடல் தாண்டியது என்று
என்னைக் கேட்காதீர்கள்.
வேதாளை சேகு நெய்னாவின் நண்டுக் கம்பெனிக்கு
அந்தப் பக்கம் ஒருவர் பாக்கி.
அந்த ஒருவர் குருசுமுத்துவின் சொசைட்டியில்
நூல் பண்டல்களை இறக்கிவிட்டுப் போனார்.
சொசைட்டி கோர்ட்டில் வாய் திறக்கவில்லை.

கார்த்திகை முடிவதற்குள் பதினொரு பேரும்
மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார்கள்.
'இருதரப்புப் பேச்சில் முன்னேற்றம்' என்றது பேப்பர்.
நன்றிக் கடிதமும் நான்தான் அடித்தேன்,
மூன்று மேதகுகளுக்கு, அறுபது ரூபாய்.
படகு வரவில்லை.
அங்கேயே கிடந்து சிப்பி பிடிக்கிறது.

அதே மார்கழியில்
மண்டபத்தில் நண்டு உடைக்கிற பெண்களுக்கு
ஒன்பது நாள் வேலையில்லை.
எங்கேயோ ஒரு கடலிடுக்கில்
செருப்புக்கால் பையன்கள் ராக்கெட் விடுகிறார்களாம்.
கொடி இருக்கிறதாம், நாடு இல்லையாம்.
கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிறது,
இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்கிறான்,
சேகு நெய்னா கிலோவுக்கு நூற்றிருபது குறைக்கிறார்.
பனிமயம் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
"அந்தப் பயலுகளுக்கு ஒரு மனு அடிச்சுக் குடேன்.
பெறுநருன்னு என்னடி போடுவ?"

சிரித்துவிட்டு வந்தேன்.
கடையில் அன்றிரவு
பெறுநர் என்று அடித்துப் பார்த்தேன்.
அதற்குப் பிறகு கர்சர் மட்டும்
துடித்துக்கொண்டே கிடந்தது.

தை பிறந்தது. நம் போட்டுகள்
மறுபடியும் அங்கேதான் போயின.
ஒரு ராத்திரி என் நம்பருக்கே வந்தது குரல்.
"பிள்ளை, உங்கட சங்கத்துக்கு ஒரு கடிதம் அடிக்கோணும்.
காசை நெய்னாட்ட வாங்கிக்கொள்."

பெறுநர் சுலபம். செயலாளர், நம் சங்கம்.
எந்த மேதகுவும் வேண்டாம்.
"அனுப்புநர்?"
அவர் பக்கம் ஒரு நாய் விடாமல் குரைத்தது.
"தலைவர் எண்டு போடேலாது,
போன மாசம் தேர்தல்ல தோத்திட்டன்."
அதட்டி நாயை விரட்டிவிட்டு வந்தார்.
"இருபத்திமூண்டு வலைக்காரன் எண்டு போடு."
அடித்து முடிப்பதற்குள்
"நில்லு, இப்ப முப்பத்தொண்டு."

அழித்துவிட்டு
முப்பத்தொன்று என்று அடித்தேன்.
கணக்கு நோட்டில்
பதினைந்து என்றே எழுதினேன்.