ஆழம் போடாத படம்

ஏப்ரல் பதினைந்து. விசைப்படகுகளைக் கட்டிப்போட்டாயிற்று.
'அறுபத்தொரு நாள், மீனுக்கும் நமக்கும் இனப்பெருக்கக் காலம்'
என்று வருசாவருசம் சொல்லிச் சிரிப்பான் கித்தேரியான்.
பதினோரு வருசம்.
இந்த வருசம் அதைச் சொல்லவில்லை.
'கல்கத்தா பாத்துட்டு வருவமா ரெஜினா' என்றான்.
சலூன் காலண்டரில் பார்த்த பாலம்தான் காரணம்,
வேறொன்றும் இருக்காது.

ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள் நான்.
எழுதாமல் ஒரு கட்டி வெளியே போகாது.
படிக்காமல் ஒரு ஊருக்கு எப்படிப் போவது?
தங்கச்சிமடம் கிளை நூலகத்தில்
செய்யதம்மாள் ஸ்டூல் போட்டு ஏறி
நாலு புத்தகம் எடுத்துத் தந்தார்.
கார்டுக்கு மூன்றுதான்.
நாலாவதைத் தன் பேரில் எழுதிக்கொண்டார்.

அட்டை போன நாவல் ஒன்று, பெயர் தெரியாது.
அறுபத்தேழாம் பக்கத்தில் ஒருத்தி
டிராம் திருப்பத்தில் குடையோடு நிற்கிறாள்.
நூற்றி நாலிலும் நிற்கிறாள்.
வரலாறு ஒன்று:
முதல் நூறு வருசத்தைக் கரையான் தின்றுவிட்டதால்
எடுத்த எடுப்பில் பஞ்சம்.
பயணக் கட்டுரை எழுதியவருக்கு வயிறு சரியில்லை,
மூன்றாம் நாளிலிருந்து அவர் பார்த்த ஊர்
கக்கூசுக்குக் கக்கூசு நடந்து போகும் தூரம்.
கடைசியாக, முப்பது நாளில் வங்காளி.
கொதோ என்றால் எவ்வளவு.
கொதோ கொதோ என்று சொல்லிக்கொண்டே
வாசல் கூட்டினேன்.

கித்தேரியான் எதையும் படிக்கவில்லை.
வரலாற்றின் பின்னால் மடித்து ஒட்டியிருந்த வரைபடத்தை மட்டும்
ஒரு சாயங்காலம் முழுக்க
வலையில் கிழிசல் தேடும் கண்ணோடு பார்த்தான்.
ஆற்றின் மேல் விரலை வைத்து,
'இதுல ஆழம் எங்க போட்டிருக்கு?'
போடவில்லை.
'அப்பறம் என்ன படம்.'

டிராம் திருப்பத்தில் குடையோடு யாரும் இல்லை.
கைபேசிக்கு உறை விற்கும் ஒருத்தி இருந்தாள்,
ஏழு மாசம் இருக்கும், இடுப்பில் கைவைத்து நின்றாள்.
கொதோ என்றேன்.
அவள் சொன்னது புரியவில்லை.
முப்பது நாளில் நான் இருபத்திரண்டுதான் முடித்திருந்தேன்.
நூறு கொடுத்தேன், அறுபது திரும்பி வந்தது.
எங்களிடம் இருக்கும் போன் எதற்கும் அந்த உறை சேராது.

பாலத்தடியில் படகு ஏறினோம்.
'இது எத்தன மணிக்குத் தூக்கும்?'
தூக்காது.
'தொறக்கவே தொறக்காதா?'
நாலு புத்தகத்திலும் இல்லை, பாம்பன்காரன்தான் கேட்பான்.
பாலத்தின் மேல் அவனுக்கிருந்த மரியாதை
பாதி அங்கேயே தண்ணீரில் விழுந்தது.
பக்கத்து ஆள் எந்த ஊர் என்றார்.
ராமேஸ்வரம் என்றேன், தங்கச்சிமடம் யாருக்குத் தெரியும்.
கையெடுத்துக் கும்பிட்டார்.
ராமர், பாலம், இருபத்திரண்டு தீர்த்தம்,
வரிசை தப்பாமல் சொன்னார்.
அவரும் எதையோ படித்துத்தான் வைத்திருக்கிறார்.
பிடிபட்டுப்போன படகுகளின் நம்பர் அதில் இல்லை.
ஐஸ் கம்பெனி இல்லவே இல்லை.
கித்தேரியான் கம்பியைப் பிடித்தபடி
தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான்.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பது நாள் தாமதம்.
நாவல் எப்படி என்றார் செய்யதம்மாள்.
'கடைசி வரைக்கும் நிக்கத்தான் செய்றா.'
அவர் அபராதச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது
கித்தேரியான் மேசைப் பென்சிலை எடுத்து
வரைபடத்தை விரித்து, நீலக் கோட்டின் ஓரம்
நுணுக்கி நுணுக்கி எழுதினான்:
'படித்துறைப் பக்கம் நாலு பாகம் இருக்கும். சேறு.
நீவாடு கடுசு. ஏத்தத்துல கவனம்.'

புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று
அவன் தலைக்கு மேலேயே பலகை தொங்குகிறது.
செய்யதம்மாள் வாங்கிப் படித்தார்.
ரப்பர் எடுப்பதுபோல் மேசையறையைத் திறந்து
மூடினார்.