பின்னொலிக்கு ஒரு பெட்டி

நான்கு திருகுகள்.
கழற்றி ஜாடி மூடியில் போட்டாயிற்று.
டீசல் எஞ்சினின் மேலுடலை
இரண்டு கட்டைவிரல் நகத்தால் நெம்பினால்
முட்டை ஓடு மாதிரி மெல்ல விட்டுக்கொடுக்கிறது.
முகப்புச் சன்னல்கள் சாய்ந்திருப்பதால்
எங்கள் பக்கத்தில் இவனுக்கு
மூக்குக்கண்ணாடிக்காரன் என்று பேர்.
உடம்பு தனி, கண்ணாடி தனியாக
இப்போது மேஜைமேல் கிடக்கிறான்.

பகலில் நான் காதுக்கருவி பழுதுபார்ப்பவள்.
கோதுமை மணிக்குள் ஒலியைச் சுருட்டி வைப்பது என் பிழைப்பு.
சர்க்கரைக்கட்டி அளவுள்ள இந்த ஸ்பீக்கர்
எனக்கு மாளிகை.

லுபோஷ் உள்ளறையில் தூங்குகிறான்.
அதிகாலை மூன்று பத்துக்குத்
தொள்ளாயிரம் டன் சரளைக்கல்லோடு கிளம்பவேண்டியவன்.
"எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கேன்.
அதை வீட்டுக்குள்ளயும் கொண்டு வரணுமா?"
போன வாரம் கேட்டான்.
அதே நொடியில் நானும் ஏதோ சொன்னேன்.
இருவர் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை.

சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு.
ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு,
ஆனால் மோட்டார் சட்டத்தைத் தொடவே கூடாது,
தொட்டால் ஒரு நூல் புகை,
மூவாயிரம் கொரூனா.
வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு.
நீலம் எல்லோருக்கும் பொது.
பழுப்பு இரண்டும் ஸ்பீக்கருக்கு.

ஸ்பீக்கருக்குத்தான் இடமில்லை.
எரிபொருள் தொட்டிக்குள் இருந்த ஈயக் கட்டியை
அறுத்தெடுத்தேன், பதினெட்டு கிராம்.
சனிக்கிழமை கண்காட்சியில்
ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும்.
வழுக்கட்டும்,
ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டால் போகிறது.

சவ்வு முன்னே தள்ளும் அதே கணத்தில்
பின்னே இழுக்கிறது.
முன்னொலியும் பின்னொலியும் எங்காவது சந்தித்தால்
ஒன்றை ஒன்று தின்றுவிடும்.
மிஞ்சுவது டப்பாவில் மாட்டிய ஈ.
அதனால் பின்னொலிக்கு மட்டும் ஒரு பெட்டி,
காற்று நுழையாமல்,
ஓரமெல்லாம் பல்குச்சியால் பசை.
அது காயும்வரை
முட்டைக்கோஸ் சூப்பைச் சுடவைத்து நின்றபடி குடித்தேன்.
போன வாரச் சண்டை ஞாபகம் வந்தது.
யாரை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்று
முடிவாகவில்லை.

பதினொன்று நாற்பது.
சோதனைக்கு ஒரு முழம் தண்டவாளம்.
கடையிலிருந்து வரும் டீகோடர் எதுவானாலும்
அதன் முகவரி மூன்று.
மூன்றைக் கூப்பிட்டேன்.
பதில் இல்லை.
தண்டவாளத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு
மறுபடி கூப்பிட்டேன்.

முதலில் ஓர் இருமல்.
அப்புறம் இன்னொன்று, தாறுமாறாக.
பிறகு அத்தனை சிலிண்டரும் ஒரே மூச்சில்.
ஜாடி மூடியில் திருகுகள் நடுங்கின.

ஒலியளவு தொழிற்சாலை வைத்த இடத்திலேயே இருக்கிறது என்பது
ஹாரனை அழுத்திய பிறகுதான் உறைத்தது.

கீழ்வீட்டு ஹ்ரூபோவா துடைப்பக்கட்டையால் இடித்தாள்.
விடிய விடிய செஸ்கா த்ரெபோவா யார்டில்
வண்டிகள் முட்டிக்கொள்வதற்கு
எந்தக் கூரையை இடிக்கிறாளோ.
நான் உள்ளறைக்கு ஓடினேன்.

லுபோஷ் விழிக்கவில்லை.
போர்வைமேல் வலது கட்டைவிரல் மட்டும்
ஒருமுறை அழுந்தி எழுந்தது.
ஓட்டுநர் தூங்கிவிடவில்லை என்று
வண்டிக்குச் சொல்லும் பொத்தான் அது.
அழுத்த மறந்தால்
பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினான்,
வாய் பிளந்த தூக்கத்தில்.

மேஜைமேல் எஞ்சின் நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது.
சட்டென்று அணைத்தால்
அந்த அமைதிதான் அவனை எழுப்பும் என்று தோன்றியது.
அறுபத்து மூன்றாம் எண்ணைத் திறந்து
படிப்படியாகக் குறைத்தேன்.
நூற்றெண்பது. நூற்றுப்பத்து. அறுபது.
ஒவ்வொரு முறையும் கதவுவரை போய்
விரலைப் பார்த்துவிட்டு வந்தேன்.
இருபத்திரண்டில் விரல் ஓய்ந்தது.
காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

மூடப் போனால்
திருகு மூன்றுதான் இருக்கிறது.