பின்னால் வா, இன்னும் வா

கடைசி பெட்ரோல் பங்கில்
டுவேன் சாவியை என் மடியில் வைத்தான்,
மீதிச் சில்லறை தருவது போல,
முகம் பார்க்காமல்.
வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
பொழுது சாய்ந்தபின் ஓட்டக் கூடாதென்று
ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார் கண் மருத்துவர்.
அவரிடம் இவன் கேட்டது ஒரே கேள்வி:
"செப்டம்பரில், டகோட்டாவில்,
எத்தனை மணிக்கு இருட்டும்?"

இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
மின்னசோட்டாப் பனியில்,
பின்னிருக்கையில் அடிதடி நடக்க,
ஒரு தபால்பெட்டியைக்கூட உரசியதில்லை.
இருந்தும் இந்த டிரெய்லரை
ஒருநாளும் என்னை நம்பி விட்டதில்லை அவன்.
என் வேலை எப்போதும்
இறங்கி நின்று கையசைப்பது.

எங்கள் கல்யாணத்தின் பெரிய சண்டைகளெல்லாம்
ஐந்து மைல் வேகத்துக்குக் கீழே நடந்தவை.
"இடது! இடது!"
"யார் இடது?"
"என் இடது!"
பக்கத்து இடத்துக்காரர்கள்
பியர் டின்னோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ள,
ஏழெட்டு மாநிலங்களில்
இலவச நாடகம் நடத்தியிருக்கிறோம்.

பேட்லாண்ட்ஸ் பூங்கா வேலிக்கு இந்தப் பக்கம்,
இருபத்திரண்டாம் எண் இடம்.
பத்தொன்பது வருஷமாக இதே வாரம்.
சரளைக்கல், ஒரு மேசை, சாய்ந்த மின்கம்பம்,
முதல் வருஷம் என் தோளுயரம் இருந்த
ஒரு காட்டன்வுட் மரம்.
வேலிக்கு அந்தப் பக்கம்
பூமி தன் வயதை மறைக்காமல் நிற்கிறது:
இளஞ்சிவப்பு வரி, சாம்பல் வரி,
பழைய பல்லின் மஞ்சள்.
உள்ளே போவது நாளைக் காலை.
முதலில் இதை நிறுத்தியாக வேண்டும்.

டுவேன் இறங்கிப் பின்னால் போனான்.
என் இடப்பக்கக் கண்ணாடியில் தோன்றினான்,
சின்னதாக,
பேஸ்பால் தொப்பியும் தூக்கிய ஒரு கையுமாக.
எனக்கு அவன்மேல் இரக்கமாக வந்தது.
அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்,
கையைத் தவிர வேறு அதிகாரம் கிடையாது.

டிரெய்லர் வலப்பக்கம் போக
ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
மனசும் கையும் ஒன்றையொன்று நம்பாத கணக்கு.
வா, என்றது கை.
வந்தேன்.
இன்னும் வா.
முன்னால் போய்த் திருத்திக்கொண்டு
மறுபடியும் வந்தேன்.

அப்போது கண்ணாடியில் அவன் இல்லை.

கண்ணாடி முழுக்கப் புல்.
புல்லைப் படுக்கவைக்கும் காற்று.
பிரேக்கை மிதித்த வேகத்தில்
டிரெய்லருக்குள் காப்பிப் பாத்திரம் விழுந்து உருளும் சத்தம்.
நான் கத்தினேனா என்று நினைவில்லை.
இருபத்துமூன்றாம் எண்ணில் கூடார ஆணி அடித்துக்கொண்டிருந்த
நெப்ராஸ்காக்காரர் லோவல்
சுத்தியலோடு ஓடிவந்ததைப் பார்த்தால்
கத்தித்தான் இருப்பேன்.

சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி
மண்டியிட்டிருந்தான் டுவேன்.
கல்லென்று நினைத்து அகற்றக் குனிந்திருக்கிறான்.
கல் காலை உள்ளே இழுத்துக்கொண்டது.
"ஆமை," என்றான்,
கெட்ட கண்ணை மூடி நல்ல கண்ணால் பார்த்தபடி.
"கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது."

"கண்ணாடியில் உன்னைக் காணோம்!"

"காணாவிட்டால் நிறுத்திவிடுவாய் என்று தெரியுமே,"
என்றான் முட்டியைத் தட்டிக்கொண்டு,
எனக்கு மட்டும் இதுவரை சொல்லப்படாத
பழைய செய்தி ஒன்றைச் சொல்வது போல.

தூரத்தில் பிரெய்ரி நாய் ஒன்று
வளைவாசலில் எழுந்து நின்று கீச்சிட்டது.
லோவல் ஆமையை மரத்தடியில் விட்டார்.
வெகுநேரம் அது தலையை நீட்டவில்லை.
நானும் பிக்கப்பை விட்டு விலகாமல்
சூடான என்ஜின் மூடியில் கைவைத்தபடி
நின்றுகொண்டிருந்தேன்.

இரவு காற்று வண்டியைத் தொட்டிலாட்ட,
இருட்டில் அவன் குரல்:
"எத்தனை தடவை முன்னால் போய் வந்தாய்?"
"மூன்று."
"எனக்கு இரண்டு போதும்."

வந்த இரண்டாம் வருஷம்
அவன் பின்னால் வந்து இடித்த மின்கம்பம்
ஜன்னலுக்கு வெளியே
அன்று சாய்ந்த மாதிரியே சாய்ந்து
எங்கள் விளக்குக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விளக்கை அணைத்தேன்.