நாற்பத்தெட்டு விநாடி

காலையில் பறக்க வேண்டும்; அதற்கு எலும்பே போதும்.
மதியம் பத்துக் கிலோமீட்டர் பனியில் சறுக்கி ஓட வேண்டும்;
அதற்குத் தொடை வேண்டும்.
ஒரே உடம்புக்கு இரண்டு மாமியார்.

ஐவிண்டின் தொடைதான் எப்போதும் ஜெயித்தது.
தாவலில் குறைந்த ஒவ்வொரு மீட்டரும்
விநாடியாகி அவன் கணக்கில் ஏறும்.
காற்றில் பட்ட கடனைத் தரையில் அடைப்பவன்
என்று லில்லஹாமரில் கிண்டல் செய்வார்கள்.

பதினொரு வருடம் அவன் பலகைகளுக்கு
இஸ்திரிப் பெட்டியால் மெழுகு தேய்த்தவன் நான்.
நாற்பத்தெட்டு விநாடி பின்தங்கிப் புறப்பட்டு
முன்னால் போகும் முதுகுகளை ஒவ்வொன்றாய்த் தின்று
மூன்று முறை உலகப் பட்டம்.
படங்கள் எல்லாவற்றிலும் மூக்கடியில் உறைந்த சளி.

கடைசிப் பருவத்தில் எதிர்க்காற்று தூக்கிக் கொடுத்தது:
நூற்று முப்பத்தாறு மீட்டர்.
மதியம் முதல் ஆளாய்ப் புறப்பட்டான்.
எதிரே வெறும் வெள்ளை. ஒரு முதுகுகூட இல்லை.
இரண்டாம் சுற்றிலேயே
திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஏழாவதாக வந்தவன்
கொட்டகைக்குள் நுழைந்து பலகைகளைச் சுவரில் சாத்தினான்.
"மெழுகு நன்றாகத்தான் இருந்தது, ஒட்வார்" என்றான்.

மெழுகு சரியில்லை. எனக்குத் தெரியும்.
அவனுக்கும்.